பொட்டு வைக்காத டிரைவ்

எங்கள் வீட்டு சர்வருக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. ஆயுத பூஜையன்று மாலை அதை அணைப்போம், மறுநாள் விஜயதசமி காலையில் மறுபடி போடுவோம். மற்ற நாளெல்லாம் ஹாலில் ஷூ ரேக்குக்கு மேலே ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் இன்வெர்ட்டர் என்று நினைப்பார்கள்.

பார்க்க ஒரு கறுப்புப் பெட்டி, ரொட்டி டோஸ்டரைவிடக் கொஞ்சம் பெரிது. முன்பக்கம் மேலும் கீழுமாக நான்கு தட்டுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு ஹார்ட் டிஸ்க். கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் டிஸ்க்கோடு வெளியே வரும். உள்ளே, மூடியைக் கழற்றினால் மட்டும் கண்ணில் படும் இடத்தில், சீட்டுக்கட்டு அளவில் தட்டையாக இன்னொரு டிரைவ் இருக்கும். அதுதான் பூட் டிரைவ். பெட்டியை எழுப்பி, நான்கு டிஸ்க்குகளையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது என்று சொல்லிக்கொடுக்கும் இயங்குதளம் அதில் இருக்கிறது. நம் சரக்கு எதுவும் அதில் கிடையாது. சரக்கு முழுக்க அந்த நான்கில் பிரித்து எழுதப்பட்டிருக்கும். நான்கில் ஒன்று செத்தால் மற்ற மூன்றை வைத்து எல்லாவற்றையும் மீட்கலாம். இரண்டு செத்தால் ஒன்றும் மிஞ்சாது.

புனேயில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் செய்தி மேஜையில் பல வருஷம் வேலை பார்த்தேன். அந்த வேலையை விட்டபின்னும் புனேயிலேயே தங்கிவிட்டோம். பழைய கட்டுரைகளையும் படங்களையும் ஒழுங்காக வைக்க இந்தப் பெட்டியை அமைத்தேன். அப்புறம் என் மனைவியின் போட்டோக்கள் வந்தன. அப்புறம் அவள் தம்பியின் தொழிலும் வந்து சேர்ந்தது.

மச்சானுக்கு போசரி தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் இருக்கிறது. அதில் மூன்று சிஎன்சி மெஷின்கள், இரும்பைக் கடைந்து பாகங்கள் செய்பவை. எங்கே வெட்ட வேண்டும், எவ்வளவு வேகத்தில் வெட்ட வேண்டும் என்று வரிவரியாக எண்களில் எழுதிய ப்ரோக்ராமைப் படித்து அவை ஓடும். பழைய மெஷின்கள் என்பதால் நினைவகம் சின்னது. ஒரு ஜாப் முடிந்தால் அதை அழித்துவிட்டு அடுத்ததை ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து ஏற்ற வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பதற்கெல்லாம் ஒரு நகல் தினமும் இன்டர்நெட் வழியாக எங்கள் பெட்டிக்கு வரும்படி நான் செய்து வைத்திருந்தேன். அவன் அதை 'மாமாவோட டப்பா' என்பான்.

அந்த வருஷம் தசராவுக்கு முன் அவனுக்கு ரஞ்சன்காவில் ஒரு பம்ப் கம்பெனியிலிருந்து பழைய ஆர்டர் ஒன்று திரும்பி வந்திருந்தது. பம்ப்பின் வெளிக்கூடு. முந்தின வருஷம் செய்து கொடுத்ததுதான். அந்த ப்ரோக்ராமை எழுதிய ஆள் வேலையை விட்டுப் போயிருந்தான். மறுபடி புதிதாக எழுதி, சோதனைக்கு வெட்டிப் பார்த்து, கெடுத்து, திருத்தி, சரியான அளவு வருவதற்குள் கம்பெனி அடுத்த ஷெட்காரனிடம் போய்விடும். அடுத்த ஷெட்காரன் அதற்காகவே காத்திருந்தான். திங்கட்கிழமை மெஷின் ஓட வேண்டும் என்று பேச்சு. விஜயதசமி சனிக்கிழமை வந்தது.

அன்று காலை பூஜையில் வைத்ததை எல்லாம் எடுத்து ஒருமுறை பயன்படுத்துவது எங்கள் வீட்டு வழக்கம். என் மனைவி கத்தரிக்கோலால் ஒரு துண்டுத் துணியை வெட்டினாள். பேனாவால் ஒரு வரி எழுதினாள். நான் சர்வரின் பட்டனை அழுத்தினேன்.

விசிறி சுற்றியது. முன்விளக்கு எரிந்தது. வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் வரும் 'பீப்' வரவில்லை. லேப்டாப்பில் தேடினால் பெட்டி இருப்பதாகவே காட்டவில்லை. டிவியிலிருந்து ஒரு கேபிளை இழுத்துப் பெட்டியில் செருகினேன். கறுப்புத் திரையில் ஒற்றை வரி. எழுப்புவதற்கு எந்த டிரைவும் கிடைக்கவில்லை, ஒன்றைப் போட்டுவிட்டு ஏதாவது ஒரு பட்டனை அழுத்தவும் என்றது.

மூடியைக் கழற்றினேன். பூட் டிரைவின் கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். வேறு கேபிள் போட்டேன். வேறு துளையில் மாட்டினேன். கடைசியில் அதைத் தனியாக எடுத்து லேப்டாப்பில் இணைத்தேன். அங்கும் அது இல்லை. மாதக்கணக்கில் நிற்காமல் ஓடிய பழைய டிரைவ்கள் இப்படிச் செய்வதுண்டு என்று படித்திருக்கிறேன். ஓடும்வரை ஓடும், ஒருமுறை நிறுத்தினால் திரும்ப எழுந்திருக்காது.

செய்தி மேஜையில் எனக்குக் கைவந்த பழக்கம் ஒன்று உண்டு. குழப்பமான செய்தி வந்தால் உறுதியானதை ஒரு பக்கமும் உறுதியாகாததை மறுபக்கமும் வைப்பேன். அன்றும் அப்படியே செய்தேன். பூட் டிரைவ் செத்தது உறுதி. நான்கு டிஸ்க்குகளின் நிலை உறுதியில்லை. அவற்றுக்கு எதுவும் ஆகியிருக்கக் காரணம் ஏதும் அப்போது தெரியவில்லை.

அந்த நேரத்தில் மச்சான் வந்தான். புதுச் சட்டை, நெற்றியில் குங்குமம், ஒரு கையில் பேடா டப்பா. இன்னொரு கையில் ஆப்டா இலைக் கொத்து. தசராவுக்கு இங்கே அந்த இலையைத் தங்கம் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுப்பார்கள். புனேயின் கட்கியில் பிறந்து வளர்ந்தவன் அவன். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வீட்டில் தமிழ், அதில் பாதி இந்தியும் மராத்தியும்.

"இந்தா மாமா, சோனா. பத்திரமா வெச்சுக்கோ" என்று ஒரு இலையை என் கையில் திணித்தான். பிறகுதான் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தான். "அரே, என்ன, டப்பாவுக்கு ஆப்பரேஷனா?"

"பூட் ஆகல. சின்ன டிரைவ் போயிடுச்சு."

"சரி, மெதுவா பாரு. என் ஃபைல் மட்டும் குடுத்துடு. கீழ வண்டியில புது கம்ப்யூட்டர் இருக்கு. காலையில நல்ல நேரத்துல வாங்கிட்டேன். இப்படியே போய் ஷெட்டுல மாட்டி, எல்லாத்தையும் ஏத்திட்டா வேலை முடிஞ்சுது."

"பழசுல இருக்கும்ல, அதுலேர்ந்து ஏத்திக்கோ."

"பழசு ஏது? எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டேன்."

சமையலறையிலிருந்து என் மனைவி வெளியே வந்தாள். "எதை குடுத்த?"

"பழைய கம்ப்யூட்டர, அக்கா. தசரா ஆஃபர். பழச குடுத்தா நல்லா கொறைக்கறான்."

"அதுல இருந்தத காப்பி எடுத்தியா?"

"எதுக்கு எடுக்கணும்? எல்லாம்தான் மாமா டப்பாவுல இருக்கே. மாமாவே சொல்லியிருக்காரு, அணுகுண்டு போட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு."

நான் அணுகுண்டு என்று சொல்லவில்லை. ஒரு டிஸ்க் போனால் பரவாயில்லை என்று சொல்லியிருந்தேன். அதைத் திருத்த அது நேரமில்லை.

"அப்ப ரஞ்சன்காவ் ப்ரோக்ராம்?" என்று கேட்டேன்.

அவன் பேடா டப்பாவை டீப்பாயில் வைத்தான். "மெஷின்ல இல்ல. போன வருஷமே அழிச்சாச்சு. கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. இப்ப..." பெட்டியைக் காட்டினான். "இதுலதான் இருக்கு. இருக்கு இல்ல?"

"இருக்கணும்."

"இருக்கணும்னா என்ன மாமா? பேப்பர்ல எழுதற மாதிரி பேசாத. இருக்கா, இல்லையா?"

"இன்னும் தெரியாது."

என் மனைவி அவனைக் கடைக்கு விரட்டினாள். "போடா, போய் அந்தப் பழசத் திருப்பி வாங்கிட்டு வா. கால்ல விழு, என்ன வேணா பண்ணு." அந்தக் கடை இருக்கும் சின்ச்வட்டுக்கு அவன் போனான். நான் புது டிரைவ் வாங்கக் கீழே இறங்கினேன். விஷ்ராந்த்வாடியில் எங்கள் தெருமுனையில் ஒரு கம்ப்யூட்டர் கடை. வாசலில் செண்டுமல்லித் தோரணம் கட்டியிருந்தது. பில் போடும் மெஷினுக்கும் ஒரு மாலை. கடைக்காரர் அதை ஒதுக்கிவிட்டுத்தான் பில் அடித்தார்.

வீடு திரும்பி முதலில் நான்கு தட்டுகளையும் பாதி வெளியே இழுத்து வைத்தேன். புது டிரைவில் இயங்குதளத்தைப் பதிக்கும்போது எந்த டிஸ்க்கில் எழுதுவது என்று கேட்கும். தவறான ஒன்றைத் தேர்ந்தால் அதிலிருப்பது போய்விடும். மாட்டாத டிஸ்க்கை யாரும் தவறாகத் தேர்வு செய்ய முடியாது. இயங்குதளத்தை லேப்டாப்பில் இறக்கி, பென் டிரைவில் எழுதி, அதைச் செருகிப் பதித்தேன். சிக்கல் எதுவும் வரவில்லை. பெட்டி எழுந்தது. 'பீப்' வந்தது. என் மனைவி சமையலறையிலிருந்து, "வந்துடுச்சா?" என்றாள்.

"பாதி."

பெட்டியை அணைத்து, நான்கு தட்டுகளையும் உள்ளே தள்ளி, மறுபடி போட்டேன். இப்போது திரையில் டிஸ்க் பட்டியல் வர வேண்டும். வந்தது. முதலாவது இருந்தது. மூன்றாவது இருந்தது. இரண்டாவதும் நான்காவதும் இல்லை. நான்கும் சேர்ந்த தொகுப்பு கிடைத்திருக்கிறது, ஆனால் போதுமான டிஸ்க்குகள் இல்லாததால் திறக்க முடியாது என்று கீழே ஒரு வரி.

பூட் டிரைவ் செத்ததில் எனக்குக் கவலை இருக்கவில்லை. இரண்டு டிஸ்க் போனால் மீட்க வழி கிடையாது. மூன்று டிரைவ்கள் ஒரே ராத்திரியில், அதுவும் அணைத்து வைத்திருந்த பெட்டிக்குள், தனித்தனியாகச் சாவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. வேறு ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டும்.

இரண்டாவது தட்டை முழுக்க வெளியே இழுத்தேன். டிஸ்க்கின் மேல்முகத்தில், பின்பக்க விளிம்பை ஒட்டி, சந்தனமும் நடுவில் குங்குமமுமாக ஒரு பொட்டு இருந்தது. சந்தனம் ஈரமாக இருந்தபோது வழிந்து, டிஸ்க்கின் முனையில் வரிசையாக இருக்கும் தங்கநிறப் பற்களின் மேல் இறங்கிக் காய்ந்திருந்தது. அந்தப் பற்கள்தான் பெட்டிக்குள் செருகி இணைப்புக் கொடுப்பவை. நான்காவதிலும் அதே கதை. ஒன்றிலும் மூன்றிலும் பொட்டு அளவாக நின்றிருந்தது.

இதுவரை எல்லா வருஷமும் பொட்டு பெட்டியின் வெளியேதான் வைத்தோம். மனைவியைக் கூப்பிட்டேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"இது நீ வெச்சதா?"

"ஆமா. நேத்து நீங்க அணைச்சிட்டுக் குளிக்கப் போனீங்கல்ல, அப்ப. வெளிய மட்டும் வெச்சா என்ன பூஜை? எங்கப்பா சைக்கிளுக்கு பூஜை பண்ணா செயின் கவரக் கழட்டி உள்ள பொட்டு வைப்பாரு. வேலை செய்யறது அதுதானேன்னு சொல்லுவாரு. நீங்கதான் சொன்னீங்க, இதுல வேலை செய்யறது அந்த நாலுதான்னு."

"பின்னாடி ஏன் வெச்ச?"

"முன்னாடி கைப்பிடி இருக்கு. கை பட்டு அழிஞ்சிடும்னு ஓரமா வெச்சேன்." அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. டிஸ்க்கை என் கையிலிருந்து வாங்கி முனையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "இதனாலயா?"

"இதனாலதான் இரண்டும் தெரியலன்னு நினைக்கறேன். சின்ன டிரைவ் போனது தனி."

"நினைக்கறீங்க."

"ஆமா, இன்னும் உறுதியில்ல."

அவள் உள்ளே போய், ஊசி போடும்போது தேய்க்க வாங்கிய ஸ்பிரிட் பாட்டிலையும் காது குடையும் பஞ்சுக் குச்சிகளையும் கொண்டுவந்து வைத்தாள். நான் ஒன்றை எடுத்தேன். இன்னொன்றை அவள் எடுத்தாள். சந்தனம் மிக மெல்லியதாகக் காய்ந்திருந்தது. அழுத்தினால் பற்கள் வளையும், அழுத்தாவிட்டால் சந்தனம் வராது. அவளுக்குத் தையல் கை. இரண்டாவது டிஸ்க்கை நான் முடிப்பதற்குள் அவள் நான்காவதை முடித்துவிட்டு, பெட்டியின் உள்ளே இருக்கும் துளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. குச்சியின் பஞ்சைப் பிய்த்து மெலிதாக்கி அதையும் எடுத்தாள்.

ஸ்பிரிட் காயக் காத்திருந்தபோது மச்சான் வந்தான். கையில் ஒன்றும் இல்லை.

"போச்சு" என்றான். "ஃபார்மட் பண்ணி ஒரு மணி நேரத்துலயே வித்துட்டான். காலேஜ் பையன் ஒருத்தன் வாங்கிட்டுப் போயிட்டானாம். கடைக்காரன் என்னப் பாத்து சிரிக்கறான், காலையில ரொம்ப அவசரமா குடுத்தீங்களேங்கறான்." சோபாவில் உட்கார்ந்தான். "மாமா, டப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள். "டேய், ரெண்டு டிஸ்க் தெரியல. நான் உள்ள பொட்டு வெச்சேன், சந்தனம் வழிஞ்சு போய் அடைச்சிடுச்சு. தொடச்சிருக்கோம். வந்தா வந்துது. வரலைன்னா என்னால போச்சு."

அவன் அக்காவைப் பார்த்தான். காய வைத்திருந்த டிஸ்க்குகளைப் பார்த்தான். செத்த பூட் டிரைவை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினான்.

"இதுக்கு வெச்சியா?"

"அது உள்ள இருக்குன்னே எனக்குத் தெரியாது."

"அதான். எல்லாருக்கும் பொட்டு வெச்சிட்டு இத மட்டும் விட்டுட்ட. கோச்சுக்கிட்டுப் போயிடுச்சு."

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்து இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு டிஸ்க்கும் வருமா என்று இன்னும் தெரியாது.

"இந்த நாலுல எதுல மாமா என் ப்ரோக்ராம் இருக்கு?"

"நாலுலயும் கொஞ்சம் கொஞ்சமா இருக்கு."

"அடப்பாவி. ஒண்ணுல முழுசா வெச்சிருக்கக் கூடாதா?"

"அப்படி வெச்சிருந்தா அந்த ஒண்ணு ரெண்டாவதா இருந்திருக்கும்" என்றாள் என் மனைவி.

தட்டுகளை உள்ளே தள்ளினேன். ஒவ்வொன்றும் 'டக்' என்று உட்கார்ந்தது. பட்டனை அழுத்தினேன். மூவரும் டிவியைப் பார்த்தோம். அதில் வழக்கமாக அந்த நேரம் மராத்தி சீரியல் மறுஒளிபரப்பு ஓடும்.

பட்டியல் வந்தது. ஒன்று, மூன்று, நான்கு. மூன்று இருந்தால் திறக்கும். மச்சான் எழுந்து நின்றான். சில நொடிகளில் இரண்டாவதும் வரிசையில் சேர்ந்தது. இந்தத் தொகுப்பைக் கடைசியாக வேறொரு இயங்குதளம் பயன்படுத்தியிருக்கிறது, இருந்தும் திறக்கவா என்று கேட்டது. பழையது செத்துப்போனது அதற்குத் தெரியாது. ஆம் என்றேன்.

லேப்டாப்பில் ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. என் கட்டுரைகள், அவள் போட்டோக்கள், கடைசியில் ஷெட்.

"உள்ள போ, உள்ள போ" என்றான். பம்ப் கம்பெனி ஃபோல்டரைத் திறந்தேன். வெளிக்கூட்டுக்கு ஐந்து ஃபைல்கள் இருந்தன. ஃபைனல், ஃபைனல் 2, நியூ ஃபைனல், ஓகே, ஓகே நியூ.

"எதுடா?" என்றாள் என் மனைவி.

"அந்த ஆள் வெச்ச பேரு. எனக்கு என்ன தெரியும்?" லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். ஒவ்வொன்றாகத் திறந்து எண்களைக் கீழே ஓட்டினான். எனக்கு எல்லாம் ஒரே மாதிரித் தெரிந்தன. நான்காவதில் நிறுத்தினான். ஒரு வரியின் மேல் விரலை வைத்தான். "இங்க பாரு மாமா. இந்த மூலை வர்ற எடத்துல வேகத்தக் கொறைச்சிருக்கு. இங்கதான் வெட்டற டூல் உடைஞ்சுது. ரெண்டு டூல் போச்சு. அப்புறம் நானே நின்னு கொறைக்கச் சொன்னேன். இதான்." ஐந்தாவதையும் திறந்து பார்த்தான். அதில் வேகம் பழையபடி இருந்தது. "இது சும்மா. நியூன்னு பேரு வெச்சா நியூவா?"

'ஓகே'யை பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். இன்னொரு பென் டிரைவிலும் போட்டேன். அதை வீட்டில் வைக்கச் சொன்னேன், ஷெட்டில் வேண்டாம் என்றேன். பிறகு அவனுடைய ஃபோல்டர் முழுவதையும் ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்து அவன் கையிலேயே கொடுத்தேன். அவன் மூன்றையும் சட்டைப்பையில் திணிக்கப் பார்த்தான். வெளி டிஸ்க் நுழையவில்லை.

"ஏன் மாமா இவ்வளவு? டப்பாதான் வந்துடுச்சே."

"டப்பா இருக்குன்னுதான் பழச வித்த."

அவன் பேடா டப்பாவைத் திறந்து மூவருக்கும் ஒவ்வொன்று கொடுத்தான். வாசலில் செருப்பு மாட்டும்போது அக்காவிடம், "அடுத்த வருஷம் கைப்பிடியிலயே வை. அழிஞ்சா அழியட்டும்" என்றான்.

"அடுத்த வருஷம் உன் புது கம்ப்யூட்டருக்கு நான் வந்து பொட்டு வைக்கறேன்."

"வேணாம் தாயே."

அவன் போனபின், புது பூட் டிரைவின் அமைப்புகளை ஒரு நகலெடுத்து லேப்டாப்பிலும் வைத்தேன். மூடியை மாட்டும்முன் அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பொட்டு வைக்கட்டுமா என்று கேட்பாள் என நினைத்தேன். கேட்கவில்லை. ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிறு முழுக்க அவள் தம்பிக்கு போன் செய்யவில்லை. வழக்கமாகச் செய்வாள். திங்கட்கிழமை காலையில் காபி ஆறும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அடித்தபோது ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் மெஷின் இரைச்சல். அவன் கத்தித்தான் பேசினான்.

"அக்கா, மொதல் பீஸ் எறங்கிடுச்சு."

"அளவு?"

"மைக்ரோமீட்டர் வெச்சுப் பாத்துட்டேன். எல்லாம் வரம்புக்குள்ள இருக்கு. ரஞ்சன்காவ்காரன் மத்தியானம் ஆள் அனுப்பறான், பாத்துட்டு எடுத்துட்டுப் போவான்."

"டூல்?"

"உடையல."

"சரி, வேலையப் பாரு" என்று வைத்துவிட்டாள். ஆறிய காபியை அப்படியே குடித்தாள். பிறகு ஒரு உலர்ந்த துணியை எடுத்து, சர்வரின் மேல் பூஜையன்று வைத்த பொட்டைத் துடைக்கப் போனாள். கை வைத்தவுடன் நின்று என்னைக் கேட்டாள்.

"துடைக்கலாம்ல? ஒண்ணும் ஆகாதே?"

"வெளியதானே. துடை."

துடைத்தாள். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.